ஏழு மாதத்தில் ஏன் களைத்தாள்?
புதிய தாதியரும் நமது பொறுப்பும்

அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு தாயும் மகளும் எனக்காகத் திண்ணையில் காத்திருந்தார்கள். சிறு வயதில் எங்கள் குர்ஆன் மத்ரஸாவில் என்னிடம் ஓதிய பிள்ளை அவள். மூன்று வருடத் தாதியர் பயிற்சியை முடித்து, ஊரிலிருந்து வெகு தூரத்தில், வேறு மாகாணத்திலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நியமனம் பெற்று ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. நியமனக் கடிதம் வந்த அன்று இதே தாய்தான் ஒரு தட்டு நிறைய மஸ்கட் கொண்டுவந்து தந்து துஆச் செய்யச் சொன்னார்.

இன்று அவரே கண் கலங்கி நின்றார்.

"மௌலவி, இவ இனி அங்க போகமாட்டாவாம். எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருக்கப் போறாவாம். நாங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போகுதே! நீங்க சொன்னாக் கேப்பா."

பிள்ளை தலை குனிந்தபடியே ஒன்றை மட்டும் கேட்டாள்.

"பாதியில விட்டாக் குற்றமா மௌலவி?"

அன்பின் தாய்மார்களே! சகோதரிகளே! இப்படியொரு கேள்வி வந்தால் எம்மைப் போன்றவர்கள் உடனே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். பொறுமையின் சிறப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அல்லது, "பெண் பிள்ளைக்கு வீடுதான் நல்லது" என்று முடித்திருக்கலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே தீர்ப்புக் கொடுத்ததாகத்தான் ஆகும். ஆகவே, "முதலில் நீ சொல்லு மகள், நான் கேட்கிறேன்" என்றேன். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை அவள் சொன்னாள்.

அவள் சொன்னவை

காலை ஏழிலிருந்து பகல் ஒன்று வரை ஒரு முறை. ஒன்றிலிருந்து இரவு ஏழு வரை அடுத்த முறை. இரவு ஏழிலிருந்து மறுநாள் காலை ஏழு வரை இரவுக் கடமை. ஆள் குறைந்தால் ஒரு முறை முடிந்த கையோடு அடுத்த முறையும் நிற்க வேண்டிவரும். அவளுடைய வாட்டில் கட்டில்களை விட நோயாளிகள் அதிகம். நிலத்திலும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இரவில் ஐம்பது பேருக்கு இரண்டு தாதியர். அதில் ஒருவர் அவசரத்துக்கு வேறு வாட்டுக்குப் போனால் இவள் தனி.

"படிக்கிற காலத்துல பக்கத்துல ஆராவது நிப்பாங்க மௌலவி. பிழை விட்டாலும் திருத்துவாங்க. இப்ப நான்தான் எல்லாம். ஒரு ஊசியைக் கையில எடுத்தா மூணு தரம் பாக்கன். பேரைப் பாக்கன், அளவைப் பாக்கன். அறைக்கு வந்து படுத்தாலும் சரியாத்தான் போட்டனா எண்டு யோசனை. நித்திரை வருதில்ல."

அவள் தனியாக நின்ற ஓர் இரவில் ஒரு வயோதிபத் தாய் மௌத்தானார். சொந்தக்காரர்கள் வந்து, "மிஸ்ஸி பார்க்காமல் விட்டதால்தான்" என்று சத்தம் போட்டார்கள். மறுநாள் மூத்தவர் ஒருவர் நோயாளிகளின் முன்னிலையிலேயே ஏசினார். பிழை இவளுடையது அல்ல என்று பின்னர் தெரிந்தும் எவரும் அதை இவளிடம் வந்து சொல்லவில்லை. அந்தத் தாயின் கை தன் கைக்குள் குளிர்ந்துபோனது இன்னும் தன்னை விட்டுப் போகவில்லை என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். இந்தச் செய்தி தாய்க்கும் அன்றுதான் தெரிந்தது.

இவற்றோடு சிங்கள மொழி இன்னும் முழுதாகக் கைவரவில்லை. அறை எடுத்துத் தங்கியிருக்கும் இடத்தில் சாப்பாடு ஒத்துவரவில்லை. கடமைக்கு நடுவே லுஹரைத் தொழ ஓர் ஒதுக்கிடம் தேட வேண்டும். நோன்பில் ஸஹருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும். ஹஜ்ஜுப் பெருநாளன்று அவளுக்குக் கடமை. காலையில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது, எல்லோரும் சாப்பாட்டு அவசரத்தில் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டதாம். தாய் இதைக் கேட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இது ஒரு பிள்ளையின் பலவீனமல்ல

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்று சொல்வது நமக்கு இலேசானது. ஆனால், இதே கதையை உலகத்தின் பல மூலைகளிலும் புதிய தாதியர் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மார்லின் கிராமர் என்ற தாதியியல் ஆய்வாளர் 1974ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பயிற்சிக் கல்லூரியில் கற்றதற்கும் வாட்டில் காண்பதற்கும் இடையிலுள்ள தூரம் புதியவர்களை அதிரவைக்கிறது என்றும், நல்ல மனதோடு வந்தவர்களே அதனால் விலகிப் போகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். ஒரு நோயாளியை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், எப்படி ஆறுதல் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டு வருபவள், அதற்கு நேரமே இல்லாத இடத்தில் நிற்கிறாள். தான் கற்றபடி செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்வு, வேலைக் களைப்பை விட அதிகமாக அவளை அரிக்கிறது.

கனடாவைச் சேர்ந்த ஜூடி டச்சர் என்பவர் இதனை மேலும் ஆராய்ந்து, 2009இல் எழுதிய கட்டுரையில் இந்நிலைமையை 'மாற்றத்தின் அதிர்ச்சி' என்ற பொருள்படக் குறிப்பிட்டார். முதல் வருடத்தை அவர் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார். முதல் சில மாதங்கள் வேலையைச் செய்து முடிப்பதிலேயே கழியும். வருடத்தின் நடுப்பகுதியில், "இந்தத் தொழில் எனக்கு உரியதுதானா?" என்ற சந்தேகம் எழும். அதைக் கடந்தவர்களுக்கு வருடத்தின் கடைசியில் தன்னம்பிக்கை மெல்லத் திரும்பும். எங்கள் பிள்ளை வந்தது ஏழாவது மாதத்தில் என்பதைக் கவனியுங்கள்.

பட்ரிஷியா பென்னர் என்ற மற்றோர் அமெரிக்கத் தாதியியல் அறிஞர் 1984இல் வெளியிட்ட நூலில், தாதியின் திறமை ஐந்து படிகளில் வளர்கிறது என்கிறார். ஒரே மாதிரியான வேலையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் நின்ற பிறகே ஒருவர் நடுப்படியை அடைகிறார் என்பது அவர் கருத்து. ஏழு மாதத்தில், "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை அழுதால் அவள் தொழிலுக்குத் தகுதியற்றவள் என்பது பொருளல்ல. அவள் நிற்கும் படி அதுதான்.

நோயாளிகளின் தொகைக்கும் இதற்கும் நேரடியான தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லிண்டா ஏய்க்கனும் அவரது குழுவினரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சை பெற்ற நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வில், ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அனுமதிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நோயாளி மரணிக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடியிருந்தது. தாதி மனம் சலித்து ஓயும் வாய்ப்போ 23 வீதம் கூடியிருந்தது. சகோதரிகளே, ஒரே ஒரு நோயாளி கூடினால் இந்தக் கணக்கு! ஐம்பது பேருக்கு இருவர் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தாதியர் பற்றாக்குறை உலகம் முழுவதற்கும் பொதுவானது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023ஆம் ஆண்டில் உலகில் 58 இலட்சம் தாதியர் குறைவாக இருந்தனர். செல்வந்த நாடுகளில் பணியாற்றும் தாதியரில் 23 வீதமானோர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். நமது நாட்டில் 2022இல் பொருளாதாரம் சரிந்து, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். அவ்வருடம் ஜூன் மாதத்தில் அரச ஊழியர்கள் சம்பளமின்றி ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்ல விடுமுறை வழங்கும் சுற்றறிக்கையும் வெளியானது. சுகாதாரத் துறையிலிருந்தும் பலர் வெளியேறினார்கள். போனவரின் வேலையும் நின்றவரின் தோளில்தான் விழுகிறது. அதைச் சுமக்க முடியாமல் அவரும் போக நினைக்கிறார். அறுந்த தஸ்பீஹ் மணிகள் போல ஒன்றின் பின் ஒன்றாக உதிர்கின்றன.

நம் வீட்டுக் கணக்கு

ஆஸ்பத்திரியும் அரசாங்கமும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. ஆனால், இது குடும்பப் பத்திரிகை. நமது பக்கக் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும்.

நமது மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோகும்போது, "பெண் தாதி இருக்கிறாரா? நமது பாஷை பேசுபவர் இருக்கிறாரா?" என்று விசாரிக்கிறோம். நமது உம்மாவின் உடம்பைப் பெண்தான் துடைக்க வேண்டும், அவரது அவ்ரத்தைப் பேண வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நியாயமான எதிர்பார்ப்புத்தான். ஆனால், அந்தப் பெண் யாருடைய மகளாக இருக்க வேண்டும்? பக்கத்து வீட்டாரின் மகளாக இருக்கலாம். நமது மகளாக இருக்கக் கூடாது! அப்படியே ஒரு பிள்ளை அந்தத் தொழிலுக்குப் போய்விட்டால், கலியாணம் பேசும் நேரத்தில், "இரவு வேலைக்குப் போகிற பிள்ளையாமே?" என்று நாமே இழுக்கிறோம்.

இந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் தமது மகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார். நான் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கவில்லை, தொழிலைப் பற்றியும் விசாரிக்கவில்லை. "டீச்சர் வேலைதான் பெண்களுக்குத் தோது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினேன். பின்னர் என் தாயார் நோயுற்று வாட்டில் கிடந்தபோது, எங்கள் சமூகத்துப் பிள்ளையொன்று இரவில் அவரது தலைமாட்டில் நின்று கலிமாவை நினைவூட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தப் பிள்ளையின் தகப்பனும் என்னிடம் வந்து கேட்டிருந்தால் அவள் அங்கே நின்றிருக்கமாட்டாள் என்று அப்போது என் நெஞ்சு சுட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நமது மூதாதையரான ஸஹாபியப் பெண்மணிகள் இந்தத் தொழிலை அறியாதவர்களல்லர். ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ் யுத்தத்தில் ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு தைத்தபோது, அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்துக்குக் கொண்டுசெல்லும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயமுற்றவர்களுக்கு மருந்திட்ட அந்தக் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைந்திருந்தது. ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களும் ஏனைய பெண்களும் போர்க்களத்தில் தண்ணீர் புகட்டியதையும் காயமுற்றோரைக் கவனித்ததையும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தில் பதிந்துள்ளார்கள். ஆண்களுக்குப் பெண்கள் சிகிச்சை செய்யலாமா என்ற கேள்வியைத் தலைப்பாக இட்டே, மருத்துவ அத்தியாயத்தில் அச்செய்தியைச் சேர்த்திருக்கிறார்கள். உம்மு அதிய்யா (ரழி) அவர்களோ ஏழு யுத்தங்களுக்குச் சென்று உணவு சமைத்து, காயங்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைப் பராமரித்தவர்கள்.

மருத்துவமும் நோயாளிப் பராமரிப்பும் பர்ளு கிபாயா என்று நமது பிக்ஹ் அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள். சமூகத்தில் போதியளவு பேர் அதைச் செய்தால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அப்படியானால், அந்தக் கடமையை நம் எல்லோருக்குமாகச் சுமக்கும் பிள்ளைக்குத் தோள் கொடுப்பது நம்மேல் உள்ள கடன் அல்லவா?

தொழுகையைப் பற்றியும் பல பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். நேரத்துக்குத் தொழுவதே விதி. ஆனால், சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்கும்போதோ, உயிருக்குப் போராடுபவரை விட்டு நகர முடியாதபோதோ, இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதற்கு அறிஞர்கள் பலர் இடம் காட்டியுள்ளனர். இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. அதற்காகத் தொழிலையே விட்டுவிடவும் தேவையில்லை. தன் நிலைமையை விபரமாகச் சொல்லி, தனக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடுவதா, நிற்பதா?

"பாதியில் விட்டால் குற்றமா?" என்ற கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான். "விடுவது குற்றமல்ல மகள். உடலும் உள்ளமும் உன்னிடம் தரப்பட்ட அமானிதம். அவை கெட்டுப்போகும் நிலை வந்தால் விலகலாம். ஆனால், களைப்போடு முடிவு எடுக்காதே. முதலில் உன் களைப்பு எந்த வகை என்று பார்."

புதியவள் என்பதால் வரும் களைப்பு ஒன்று. அது காலத்தோடு குறையும். ஒரு வருடமாவது கடக்கட்டும். இடம் ஒவ்வாததால் வரும் களைப்பு இன்னொன்று. வாட்டை மாற்றினால், மொழி படித்தால், தங்குமிடத்தை மாற்றினால் அது தீரக்கூடும். மூன்றாவது, அநியாயத்தால் வருவது. இழிவுபடுத்தல், கைநீட்டல், தவறான நடத்தை போன்றவற்றைப் பொறுமை என்ற பெயரில் சகித்துக்கொண்டிருக்கக் கூடாது. பொறுப்புத் தாதியிடமோ, மேட்ரனிடமோ, பணிப்பாளரிடமோ எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நித்திரையின்மையும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது ஈமானின் குறைவு அல்ல, நோய்.

விலகுவதென்று முடிவானாலும் பயிற்சியின்போது கையொப்பமிட்ட பிணைப் பத்திரத்தை எடுத்து வாசிக்காமல் கடிதம் கொடுக்கக் கூடாது. செய்த ஒப்பந்தத்தைப் பேணுவது முஃமினின் பண்பு. மீறினால் வரும் பணச் சுமையும் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

இரவுக் கடமை முடிந்து வந்த மகளைப் பகலில் உறங்க விடுங்கள். "பட்டப் பகலில் படுத்துக் கிடக்கிறாள்" என்ற பேச்சு வீட்டில் எழக் கூடாது. அந்த நேரத்தில் வருகிற விருந்தாளியை நீங்களே கவனித்து அனுப்புங்கள். தூரத்தில் இருப்பவளிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், "இன்றைக்கு எப்படி மகள்?" என்று கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பெருநாளன்று அவளுக்குக் கடமை என்றால், அவள் விடுமுறையில் வரும் நாளை வீட்டில் பெருநாளாக்குங்கள்.

எங்கள் கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே, தாதியான மகளின் பிள்ளையைப் பார்ப்பது பெரும்பாலும் அவளது உம்மாதான். அந்தப் பாரத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரோடு கலியாணத்துக்கு முன்பே ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்ளுங்கள். இரவுக் கடமையை ஏற்றுக்கொள்பவர்தான் அவளுக்கு மாப்பிள்ளை.

ஆஸ்பத்திரி உள்ள ஊர்களில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வாட்டில் தூரத்து ஊர்ப் பிள்ளையொன்று கடமை செய்தால் விசாரியுங்கள். வெள்ளிக்கிழமையில் ஒரு நேரச் சாப்பாடு, பாதுகாப்பான ஓர் அறை, நோன்பில் ஸஹருக்கு ஒரு சோற்றுப் பார்சல். உங்களுக்கு இவை சிறியவை. அந்தப் பிள்ளையை அந்தத் தொழிலில் நிறுத்திவைப்பது இவையாகவும் இருக்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பார்வையாளர் நேரத்தைப் பேணுங்கள். பத்துப் பேராகக் கட்டிலைச் சூழ்ந்து நின்று தாதியோடு தர்க்கிக்காதீர்கள். அவளுக்கும் ஒரு தாய் எங்கோ இருக்கிறாள்.

பிறகு

எழுந்து போவதற்கு முன் பிள்ளையிடம், "இந்த ஏழு மாதத்தில் மனதுக்கு நிறைவான ஒரு நாளாவது இருந்ததா?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தாள். மலையகத்திலிருந்து வந்த ஒரு வயோதிபத் தாய். சிங்களம் தெரியாது. இரண்டு நாட்களாக எங்கே நோகிறது என்று எவருக்கும் அவரால் சொல்ல முடியவில்லை. இவள் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாம். துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும் நாளில், இவள் கடமைக்கு வரும் வரை வாசலில் காத்திருந்து சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் தாயும் கண்டார்.

அந்தப் பிள்ளை ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். ஜன்னலுக்குக் கறுப்புச் சேலைத் துணியொன்றைத் தொங்கவிட்டு, பகலிலும் அவளை உம்மா உறங்கவைத்தார். பின்னர் திரும்பிப் போனாள். வாட்டை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. நிற்பாளா, விடுவாளா என்பதை அவளும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் இரவுக் கடமை முடிந்த காலையில், அறைக்கு நடந்து போகும் வழியில் உம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கிறாளாம். உம்மாவும் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு, அவள் கதவைத் திறக்கும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

நோயாளிகளின் இரவுகளில் விழித்திருக்கும் நமது பெண் மக்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் உடல் வலிமையையும் உள அமைதியையும் தருவானாக! அவர்களுக்குத் தோள் கொடுக்கும் மனதை நமக்கும் தருவானாக! ஆமீன்.